கரண்ட் போனால் கணக்கும் போக வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

ராமநாதபுரம் கரையோர ஊர்களில் தனியாளாக இருந்து கடைகளுக்கு டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே சங்கதியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மீன் கமிஷன் கடைக்கு சி ஷார்ப்பில் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். டேட்டாபேஸ் எஸ்கியூலைட். ராத்திரி கரண்ட் போய் வந்தது. காலையில் திறந்தால் 'டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு' என்று நிற்கிறது. ஏலம் நடக்கிற நேரம், கடைக்காரர் சத்தம் போடுகிறார். வேறு டேட்டாபேஸுக்கு மாறிவிடலாமா?
– வாசகர், மண்டபம்

மாற வேண்டாம். கரண்ட் போகும் என்று எதிர்பார்த்தே எழுதப்பட்டதுதான் எஸ்கியூலைட். எழுதிக்கொண்டிருக்கும்போது மெஷின் நின்றுபோனால், அடுத்த முறை திறக்கையில், மாற்றத்துக்கு முந்தைய நிலையைக் குறித்து வைக்கும் ஜர்னல் ஃபைலைப் பார்த்து, அரைகுறையாக நின்ற வேலையை அதுவே ரத்து செய்துகொள்ளும். அப்படியும் கெட்டுப்போகிறது என்றால் அந்தப் பாதுகாப்பை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள்.

முதலில் உங்கள் கோடில் 'சிங்க்ரனஸ்' என்ற ப்ராக்மாவை (எஸ்கியூலைட்டின் அமைப்பை மாற்றும் கட்டளை) தேடுங்கள். வேகம் வரும் என்று இணையத்தில் படித்து அதை 'ஆஃப்' செய்தவர்கள் நிறைய. ஆஃப் செய்தால், எழுதியது டிஸ்க்கில் போய்ச் சேர்ந்ததா என்று எஸ்கியூலைட் காத்திருக்காது. அந்த நேரத்தில் கரண்ட் போனால் ஃபைலில் சில பக்கம் புதிது, சில பக்கம் பழையது. 'ஃபுல்' என்றே விட்டுவிடுங்கள். வேகம் வேண்டுமானால் அதற்கு வழி வேறு: பில் தலைப்பு, மீன் வரிகள், முன்பணக் கழிவு எல்லாம் ஒன்றாகப் பதியும்படி ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வர வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் நொடிக்குச் சில பத்து கமிட்தான் (டிஸ்க்கில் உறுதியாக எழுதி முடிப்பது) நடக்கும். வரிக்கு ஒரு கமிட் போட்டால் 40 வரி பில் இழுக்கத்தான் செய்யும். நடுவில் நின்றால் பாதி பில்லும் தங்கிப்போகும்.

அடுத்து, டேட்டா ஃபோல்டரில் 'ஜர்னல்' அல்லது 'டபிள்யூ-ஏ-எல்' (மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் முறை) என்று வால் முளைத்த ஒரு ஃபைல் கிடந்திருக்கும். குப்பை என்று நினைத்து யாராவது அழித்திருந்தால், கடைசியாக நடந்த பில்களும் மீட்கும் வழியும் அதோடு போயின. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேட்டாபேஸ் ஃபைலை மட்டும் பென்டிரைவில் காப்பி எடுத்து, பிறகு அந்தக் காப்பியைத் திரும்ப வைத்தாலும் இதே கதிதான். பேக்கப்புக்கு ஃபைல் காப்பி கூடாது. எஸ்கியூலைட்டின் பேக்கப் ஏபிஐ இருக்கிறது. இல்லாவிட்டால் 'வேக்கூம் இன்டூ' கட்டளை இருக்கிறது, 2019-இல் வந்த 3.27 பதிப்பிலிருந்து. இரண்டுமே கடை ஓடும்போதே சுத்தமான ஒரு பிரதியைத் தரும். கடை மூடும்போது பொத்தானை அழுத்தச் சொன்னால் யாரும் அழுத்தப் போவதில்லை. புரோகிராமை மூடும்போதே தானாக நடக்கட்டும். கிழமைக்கு ஒன்றாக ஏழு பிரதி சுழற்சியில் இருக்கட்டும்.

இன்னொன்று, இரண்டு கம்ப்யூட்டர் உள்ள கடைகளில் டேட்டாபேஸை ஷேர் ஃபோல்டரில் போட்டு இரு பக்கமும் திறப்பது. நெட்வொர்க் ஃபோல்டரில் ஃபைல் பூட்டு ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. டபிள்யூ-ஏ-எல் முறையோ அங்கே வேலையே செய்யாது. இரண்டாவது மெஷின் வந்துவிட்டால் போஸ்ட்கிரெஸ் மாதிரி சர்வர் டேட்டாபேஸுக்குப் போவதுதான் சரி. எஸ்கியூலைட்டை விட வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

இப்போது கையில் உள்ள கெட்ட ஃபைலுக்கு: ஃபோல்டரை முழுசாக வேறு இடத்துக்குக் காப்பி எடுத்துவிட்டு, அந்தக் காப்பியில் மட்டும் கை வையுங்கள். எஸ்கியூலைட்டின் கட்டளை வரிக் கருவியில் 'ரிக்கவர்' கட்டளை, கிடைக்கிற வரிகளையெல்லாம் எஸ்கியூஎல் ஆக எடுத்துக் கொடுக்கும். அதைப் புதிய ஃபைலில் ஏற்றி 'இன்டெக்ரிட்டி செக்' ஓட்டுங்கள். 'ஓகே' என்று வந்த பிறகும் பில் எண்களில் இடைவெளி இருக்கிறதா, ஒவ்வொரு பில்லின் வரிக்கூட்டலும் தலைப்புத் தொகையும் ஒத்துப்போகிறதா என்று ஒரு குவெரி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும்.

கடையில் யுபிஎஸ் கிடையாது, இன்வெர்ட்டர்தான் என்றால் அதன் பின்பக்க சுவிட்சைப் பாருங்கள். பல மாடல்களில் 'நார்மல்', 'யுபிஎஸ்' என்று இரண்டு நிலை உண்டு. நார்மலில் மாறுகிற நேரம் அதிகம். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

எடையைக் கிராமிலும் விலையைப் பைசாவிலும் முழு எண்ணாகவே வைத்துப் பெருக்கி 1,000-ஆல் வகுக்கிறேன். ஆனாலும் சில பில் கடைக்காரரின் கால்குலேட்டருக்கு 1 பைசா குறைவாக வருகிறது. போதாததற்கு ஒரு பில் மைனஸில் வந்துவிட்டது.
– வாசகர், தங்கச்சிமடம்

பணத்தை முழு எண்ணில் வைத்தது நல்ல பழக்கம். கோளாறு இரண்டு, இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

37 கிலோ 450 கிராம் கணவாய், கிலோ ரூ. 286.50 என்று வையுங்கள். 37,450 × 28,650 = 107,29,42,500. ஆயிரத்தால் வகுத்தால் 10,72,942.5 பைசா. முழு எண் வகுத்தல் அந்த அரையை வெட்டிவிடுவதால் உங்கள் பில் ரூ. 10,729.42, கால்குலேட்டர்காரர் 10,729.43 என்கிறார். வகுப்பதற்கு முன் 500 கூட்டுங்கள், சரியாகிவிடும். திருப்பிக் கொடுத்த சரக்குக்கு மைனஸ் வரி போடுவீர்கள் என்றால் அங்கே 500-ஐக் கழிக்க வேண்டும். 'மேத் ரவுண்டு' போட்டால் தீரும் என்று நினைக்காதீர்கள். சி ஷார்ப்பில் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது சரிபாதியை இரட்டைப்படை எண்ணின் பக்கம் தள்ளும், இங்கே மறுபடியும் 42 தான் வரும். பைத்தானின் 'ரவுண்டு' கூட அப்படித்தான். 'அவே ஃப்ரம் ஜீரோ' என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் கடைக்கணக்கு வரும்.

மைனஸ் பில்லுக்குக் காரணம் 'இன்ட்' என்ற முழு எண் வகை. அது தாங்குகிற பெரிய எண் 214,74,83,647. அதே கணவாய் 75 கிலோ வந்தால் 75,000 × 28,650 = 214,87,50,000. வரம்பு தாண்டியதும் எண் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய்விடும். ரூ. 21,487.50 என்று வர வேண்டிய பில் மைனஸ் ரூ. 21,462.17 என்று அச்சாகும். சோதனைக்கு 2 கிலோ, 5 கிலோ என்று போட்டுப் பார்த்திருப்பீர்கள், அதில் தெரியாது. பெருக்கும் முன்பே ஒரு எண்ணை, இன்னும் பெரிய எண்ணைத் தாங்கும் 'லாங்' வகை ஆக்குங்கள். பெருக்கி முடித்த விடையை லாங்கில் வாங்குவதில் பயனில்லை, கெட்டது ஏற்கெனவே கெட்டுவிட்டது. புராஜெக்ட் அமைப்பில் ஓவர்ஃப்ளோ சோதனையை ஆன் செய்துவையுங்கள். தப்பான பில் அடிப்பதைவிட புரோகிராம் நின்று எரர் சொல்வது மேல்.

எலக்ட்ரானிக் தராசிலிருந்து எடை நேராக பில்லுக்கு வர வேண்டும் என்கிறார்கள். சீரியல் போர்ட் வழியாக வாங்கினேன். சில நேரம் 37.450 என்பதற்கு 450 என்று வருகிறது.
– வாசகர், பாம்பன்

தராசு அனுப்புவது எழுத்துகளின் ஓட்டம். ஒரு எடை முழுசாக ஒரே தடவையில் வந்து சேரும் என்று எந்த உறுதியும் இல்லை. '37.' ஒரு முறையும் '450' அடுத்த முறையும் வரலாம். நீங்கள் வந்ததை வந்தபடி எடுக்கிறீர்கள். வருவதையெல்லாம் ஒரு பஃபரில் சேர்த்துக்கொண்டே போய், வரி முடிவுக் குறி வந்த பிறகுதான் அந்த வரியைப் பிரிக்க வேண்டும். வரியின் நீளம் எதிர்பார்த்தபடி இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள், நொடிக்குப் பல வரி வருகிறது.

கோடு எழுதுமுன் புட்டி மாதிரி டெர்மினலில் தராசை இணைத்து என்ன வருகிறது என்று கண்ணால் பாருங்கள். 9600 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை என்று ஆரம்பித்து, குப்பையாக வந்தால் 4800, 2400 என்று இறங்குங்கள். ஒன்றுமே வராவிட்டால் கேபிளில் 2-ஆம் பின்னும் 3-ஆம் பின்னும் மாற வேண்டியிருக்கும். நேற்று வரை வந்தது இன்று வரவில்லை என்றால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நம் பக்கத்து உப்புக் காற்றில் அந்த ஒன்பது பின் பச்சை பிடித்துக் கிடக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் பாதி புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஈரக் கூடையை வைத்த உடனே எண் ஆடும். ஆடி நிற்பதற்குள் பில் போட்டால் சண்டை. தொடர்ந்து மூன்று நான்கு வரி ஒரே எடை வந்தால்தான் ஏற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில தராசுகள் நிலைத்துவிட்டதைக் காட்ட வரியிலேயே ஒரு எழுத்து அனுப்பும். இருந்தால் அதையே நம்பலாம்.

யுஎஸ்பி கன்வெர்ட்டரில் ஒரு தொல்லை உண்டு. சீஎச் 340 சிப் உள்ள மலிவு வகைக்குத் தனி வரிசை எண் கிடையாது. பக்கத்து யுஎஸ்பி துளையில் மாட்டினால் காம் 3 என்பது காம் 5 ஆகிவிடும். போர்ட் எண்ணைக் கோடில் புதைக்காமல், திறக்கும்போது இருக்கிற போர்ட்களையெல்லாம் தட்டிப் பார்த்து, எடை வரி வருகிற போர்ட்டைத் தானே பிடித்துக்கொள்ளும்படி எழுதுங்கள். தராசு செத்துப்போனால் எடையைக் கையால் அடிக்கவும் இடம் வேண்டும். ஆனால் அப்படி அடித்த வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழட்டும்.

15 வருடமாக ஓடும் விபி 6 புரோகிராமை மாற்றித் தரச் சொல்கிறார் ஒரு கருவாட்டு மொத்த வியாபாரி. பெயர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில், ஆக்சஸ் ஃபைலில். யூனிகோடுக்கு மாற்றினால் எழுத்து சிதறுகிறது.
– வாசகர், கீழக்கரை

விபி 6 எழுதும் கருவிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2008 ஏப்ரலோடு முடிந்தது. எழுதிய புரோகிராம்கள் மட்டும் இன்னும் ஓடுகின்றன. அதன் சொந்தக் கட்டங்களில் யூனிகோடு தமிழ் வராது என்பதால்தான் அன்றைக்கு எல்லோரும் பாமினிக்குப் போனார்கள். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். 'மீன்' என்பது சின்ன கே, பெரிய பி, சின்ன டி, அரைப்புள்ளி. இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே உதை விழும் என்பது புரிந்துவிடும்.

முதல் உதை: பாமினியில் 'இ' என்பது காற்புள்ளி. டேட்டாவை சிஎஸ்வி ஆக எடுத்தால் 'இறால்', 'இராமேஸ்வரம்' என்று தொடங்குகிற ஒவ்வொரு வரியிலும் ஒரு பத்தி கூடிவிடும். புள்ளிக்கு அரைப்புள்ளி என்பதால் பிரிப்பானை அரைப்புள்ளிக்கு மாற்றியும் தப்ப முடியாது. சிஎஸ்வி வழியே போகாதீர்கள். ஆக்சஸிலிருந்து நேரே படித்து நேரே எழுதுங்கள்.

இரண்டாவது: பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் பாமினியில் வேறு வேறு. சின்ன எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. ஆக்சஸோ இரண்டையும் ஒன்றாகவே ஒப்பிடும். ஆகவே பழைய டேட்டாவில் இரண்டு ஆளின் கணக்கு ஒரே பெயரில் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. மாற்றுவதற்கு முன் பெயர் பட்டியலை அச்செடுத்து வியாபாரியிடமே காட்டி, கலந்ததைப் பிரித்துவிடுங்கள். நீங்கள் ஊகித்துப் பிரித்தால் வம்பு உங்கள் தலையில்.

மூன்றாவதுதான் நீங்கள் சொல்லும் சிதறல். பாமினியில் கொம்பு, எழுத்துக்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் பின்னால் நிற்க வேண்டும். கொம்பு, மெய், கால் மூன்றையும் சேர்த்து 'கொ' ஆக்கும் விதியை முதலில் ஓட்டி, கொம்பு மட்டும் உள்ள விதியை அதன் பிறகு ஓட்டுங்கள். 'ஔ' வரிசையில் மட்டும் கூடுதல் கவனம். பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியும் 'ள'வும் ஒரே எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'வெள்ளை இறால்' என்பதன் முதல் இரண்டு எழுத்து 'வௌ' ஆகி, அதன் தலையில் ஒரு புள்ளி தொங்கும். இணையத்தில் பழைய கட்டுரைகளில் நாம் எல்லோரும் பார்த்து முகம் சுளித்த எழுத்துப்பிழை இதுதான். ஆனால் 'வௌவால்' மீனுக்கு உண்மையிலேயே ஔகாரம் வேண்டும். எனவே பொது விதியாக 'ள' என்றே எடுங்கள். ஔகாரம் வரும் சொற்களுக்குக் கையளவு பட்டியல் ஒன்று வைத்தால் போதும். கடைக் கணக்கில் அப்படிப் பத்துச் சொல் தேறாது.

மாற்றிய பிறகு எல்லாப் பெயரையும் 'என்எஃப்சி' முறைக்கு (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாக வைக்கும் யூனிகோடு விதி) ஒழுங்காக்கிச் சேமியுங்கள். 'கொ' என்பதை இரண்டு விதமாகத் தட்ட முடியும். கண்ணுக்கு ஒன்று, தேடினால் அகப்படாது. தேடும் பெட்டியில் அடிப்பதையும் அதே முறைக்கு மாற்றிவிட்டுத்தான் தேட வேண்டும். அகர வரிசையும் தானாக வராது. யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்கினால் 'ன' போய் 'ந'வுக்கு அடுத்து உட்காரும், 'ற' போய் 'ர'வுக்கு அடுத்து உட்காரும், 'க்' என்பது 'கௌ'வுக்கும் பின்னால் போகும். 18 மெய்யெழுத்துக்கும் வரிசை எண் கொடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அடுக்கு விசையைத் தனிப் பத்தியில் எழுதி வைத்துக்கொள்வதுதான் எளிது.

தெர்மல் பிரிண்டரில் தமிழ் வந்தால் கட்டம் கட்டமாக வருகிறது.
– வாசகி, ராமேஸ்வரம்

பிரிண்டருக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. பில்லை நீங்களே படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 80 மி.மீ. பிரிண்டரில் பெரும்பாலும் ஒரு வரிக்கு 576 புள்ளி, 58 மி.மீ.-இல் 384; மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. எழுத்து உயரம் 24 புள்ளிக்குக் கீழே போனால் மேற்புள்ளியும் கொம்பும் ஒட்டிக்கொள்ளும். விளிம்பு மென்மையாக்கலை நிறுத்திவிட்டு வெறும் கறுப்பு வெள்ளையில் வரையுங்கள். சாம்பல் நிறம் தெர்மலில் பொரிந்த மாதிரி விழும்.

லாட்ஜ் ரசீதுக்குத் தெர்மல் போதும். படகுக்காரருக்கு மாதக்கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய சீட்டுக்கு வேண்டாம். வெயிலிலும், சட்டைப்பை பிளாஸ்டிக் உறையிலும், எண்ணெய்க் கையிலும் அந்தத் தாள் வெளுத்துவிடும். கார்பன் தாளோடு டாட் மேட்ரிக்ஸ் இன்னும் நம் கரையில் ஓடுவது சும்மா இல்லை. 9 பின் டாட் மேட்ரிக்ஸில் தமிழ் அடிக்க நேரம் பிடிக்கும். தலைப்பையும் மீன் பெயர்களையும் அச்சகத்தில் அடித்த தாளாக வாங்கி, புரோகிராமிலிருந்து எண்களை மட்டும் டிராஃப்ட் முறையில் அடித்தால் படபடவென்று வரும்.

வாட்ஸ்அப்பிலோ லிங்க்கிலோ செட்டப் ஃபைலை அனுப்பினால் நீலத் திரை வந்து 'உங்கள் பிசியைக் காப்பாற்றினோம்' என்கிறது. சில மெஷினில் ஆன்டிவைரஸ் ஃபைலையே தூக்கிவிடுகிறது. பைத்தானில் எழுதி ஒரே எக்ஸ்இ ஆகக் கட்டியிருக்கிறேன்.
– வாசகர், ஏர்வாடி

இணையம் வழி வந்த ஃபைலுக்கு விண்டோஸ் ஒரு முத்திரை குத்தும். அதைப் பார்த்துத்தான் ஸ்மார்ட்ஸ்கிரீன் தடுக்கிறது. ஃபேட் 32 பென்டிரைவில் அந்த முத்திரை ஒட்டாது என்பதால் நேரில் போய் ஏற்றும்போது தொல்லை வருவதில்லை. தூரத்து வாடிக்கையாளருக்கு நிரந்தர வழி, ஃபைலில் உங்கள் டிஜிட்டல் கையெழுத்தைப் போட உதவும் கோடு சைனிங் சான்றிதழ். 2023 ஜூன் 1 முதல் அதன் ரகசியச் சாவி வன்பொருள் டோக்கனிலோ அதற்கு இணையான பாதுகாப்பிலோதான் இருக்க வேண்டும் என்பது விதி. பழையபடி ஒரு ஃபைலாக வாங்க முடியாது. கையெழுத்திடும்போது டைம்ஸ்டாம்ப் சேர்க்க மறந்தால், சான்றிதழ் காலாவதியாகும் நாளில் ஏற்கெனவே கொடுத்த செட்டப்பும் செல்லாக் காசு. விலை கூடிய 'இவி' சான்றிதழ் வாங்கினால் எச்சரிக்கை உடனே போய்விடும் என்று விற்பவர் சொல்வார். இப்போது அப்படி இல்லை. எதுவானாலும் நற்பெயர் சேரச் சில காலம் ஆகும்.

கையெழுத்து இல்லாத ஃபைலுக்கு நற்பெயர் அந்தந்த ஃபைலோடு சரி. வாரம் ஒரு புது எக்ஸ்இ விட்டால் வாரம் ஒரு முறை பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறீர்கள்.

ஆன்டிவைரஸ் தூக்குவதற்குக் காரணம் 'ஒரே ஃபைல்' முறை. அது ஒவ்வொரு முறையும் தன்னைத் தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப் போட்டு அங்கிருந்து ஓடும். வைரஸ் செய்வதும் அதுவே. பைஇன்ஸ்டாலரில் ஃபோல்டர் முறையில் கட்டி, அதை இன்னோ செட்டப்பில் பொட்டலம் கட்டுங்கள். யுபிஎக்ஸ் சுருக்கலை விட்டுவிடுங்கள். இதற்குப் பிறகும் டிஃபெண்டர் பிடித்தால் மைக்ரோசாஃப்டின் ஃபைல் சமர்ப்பிப்புப் பக்கத்தில் டெவலப்பர் என்று சொல்லி அனுப்பலாம். ஆன்டிவைரஸை அணைத்துவிடச் சொல்லிக் கடைக்காரருக்குப் பழக்காதீர்கள். நாளைக்கு உண்மையான வைரஸ் வந்தால் உங்கள் பேர்தான் அடிபடும்.

ஒரு கடைக்கு விற்றால் நான்கு கடைக்குக் காப்பி போகிறது. மெஷினோடு பூட்டுகிற லைசென்ஸ் போடலாமா?
– வாசகர், தொண்டி

போடலாம், பூட்டு லேசாக இருக்கட்டும். மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் எண்) நம்பினால் யுஎஸ்பி வைஃபை மாட்டிய அன்று புரோகிராம் திறக்காது. விண்டோஸின் 'மெஷின் கைடு' எண்ணை நம்பினால், சர்வீஸ் கடைக்காரர் ஒரே இமேஜை எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருக்கும் இடத்தில் பத்து மெஷினுக்கும் ஒரே எண் வரும். மூன்று அடையாளம் எடுத்துக்கொண்டு, இரண்டு ஒத்துப்போனால் விடுங்கள். லைசென்ஸ் ஃபைலில் கடையின் பெயரைச் சேர்த்துக் கையெழுத்திட்டு, அந்தப் பெயர் ஒவ்வொரு பில்லின் தலையிலும் விழும்படி செய்யுங்கள். அடுத்தவன் பெயர் போட்ட பில்லை எந்த வியாபாரியும் கொடுக்க மாட்டான். எந்தப் பூட்டையும்விட இது பலம்.

தேதி வைத்துப் பூட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்த மெஷின், கரண்ட் போய் வந்ததும் பல வருடம் பின்னால் போய் நிற்கும். 'தேதியைத் திருத்தி ஏமாற்றுகிறான்' என்று உங்கள் புரோகிராம் பூட்டிக்கொண்டால், தவறே செய்யாத ஆள் ஏலத்து நேரத்தில் கையைப் பிசைந்து நிற்பார். கடைசி பில் தேதியைவிட இன்றைய தேதி பின்னால் இருந்தால், தேதியைச் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அவ்வளவுதான். லைசென்ஸ் முடிந்தாலும் பழைய கணக்கைப் பார்க்கவும் அச்செடுக்கவும் விட வேண்டும். அது அவர் கணக்கு.

கடைகளில் இன்னும் விண்டோஸ் 7, 2 ஜிபி ராம். எதில் எழுதுவது?
– வாசகர், தேவிபட்டினம்

டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8, வின்ஃபார்ம்ஸ். பாஸ்கல் தெரிந்தால் லாசரஸ். ஒரே எக்ஸ்இ, கூட எதையும் ஏற்ற வேண்டாம். வெப் நுட்பத்தில் டெஸ்க்டாப் புரோகிராம் எழுத உதவும் எலக்ட்ரான் 23-ஆம் பதிப்பிலிருந்தும், பைத்தான் 3.9-இலிருந்தும் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டன, டாட்நெட் 8-உம் அதில் ஓடாது. இணையம் இல்லாத விண்டோஸ் 7-இல் 4.8 ஏற்றும்போது சான்றிதழ்ச் சங்கிலி பற்றி எரர் வந்தால் 'மைக்ரோசாஃப்ட் ரூட் சர்டிஃபிகேட் அத்தாரிட்டி 2011' சான்றிதழை முதலில் சேர்க்க வேண்டும். நிர்மலா எழுத்துரு விண்டோஸ் 8-இல்தான் வந்தது; 7-இல் லதா. இரண்டிலும் லேபிள் அகலத்தைச் சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் ஆதரவு முடிந்துவிட்டது, ஆகவே அந்த மெஷினில் பேங்க் வேலை வேண்டாம் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

காசு கொடுத்துவிட்டேன், சோர்ஸ் கோடும் என்னுடையது என்கிறார் வாடிக்கையாளர். எழுத்துப்பூர்வமாக ஒன்றும் போடவில்லை.
– வாசகர், உச்சிப்புளி

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்பு என்ற கணக்கில் வருகிறது. 17-ஆம் பிரிவுப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதினால்தான் அது முதலாளிக்குப் போகும். வெளியாளாக இருந்து எழுதிக் கொடுத்த உங்களிடமிருந்து உரிமை கைமாற, 19-ஆம் பிரிவுப்படி கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அப்படி எழுதிக் கொடுக்கும்போதும் எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம், எந்த நிலப்பரப்பு என்று சொல்லாவிட்டால் இந்தியா என்றே கொள்ளப்படும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதற்காக மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் பயப்படுவது 'இவன் ஊரைவிட்டுப் போய்விட்டால் என் கணக்கு என்ன ஆகும்' என்றுதான். கோடு உங்களுடையது, டேட்டா முழுவதும் அவருடையது, எப்போது வேண்டுமானாலும் எக்செல் ஆக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதிலேயே முதல் வருட சர்வீஸ் விலைக்குள் அடக்கம், இரண்டாம் வருடத்திலிருந்து வருடக் கட்டணம் எவ்வளவு என்பதையும் போட்டுவிடுங்கள். விலையில் 15 முதல் 20 சதவீதம் என்பது இந்தத் தொழிலில் வழக்கம். சேவை வருமானம் வருடத்துக்கு ரூ. 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று வாங்கக் கூடாது.

புது வெர்ஷனை எப்போது மாற்றுவது? எப்போது போனாலும் 'இப்ப வேணாம் தம்பி, பில்லு ஓடுது' என்கிறார்கள்.
– வாசகர், மண்டபம்

விசைப்படகுக் கடை என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உங்களுக்காகவே இருக்கிறது. டேபிள் அமைப்பை மாற்றுவது, புது மெஷினுக்குப் போவது மாதிரி பெரிய வேலையெல்லாம் அப்போது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லாததால் அந்தக் கடைகளில் பில் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே ஏலம் முடிந்த மதியத்தில் போங்கள். பில் எண் வரிசையை மட்டும் நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1-க்கே மாற்ற வேண்டியிருக்கும், தடைக்காலம் வரை காத்திருக்க முடியாது.

டேபிள் அமைப்பின் பதிப்பை எஸ்கியூலைட்டின் 'யூசர் வெர்ஷன்' எண்ணில் வையுங்கள். புது எக்ஸ்இ திறந்ததும் அந்த எண்ணைப் பார்த்து, முதலில் தானே பேக்கப் எடுத்து, மாற்றங்களை ஒரே டிரான்சாக்‌ஷனில் செய்து, கடைசியில் எண்ணை ஏற்ற வேண்டும். பழைய எக்ஸ்இ-யையும் அந்த பேக்கப்பையும் அதே மெஷினில் தனி ஃபோல்டரில் விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் போனில் எரர் சொல்லத் தெரியாமல் திரையைப் போட்டோ எடுத்துத்தான் அனுப்புவார்கள். எரர் பெட்டியில் நான்கு இலக்க எண் ஒன்றைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டால், போட்டோ ஆடிப்போயிருந்தாலும் அதைப் படித்துவிடலாம்.